பரம்பரை தேடிக் கொழும்புக்கு வருகிறீர்களா? டிக்கெட் போடுமுன் ஒரு வார்த்தை

பள்ளி விடுமுறைக் காலம் நெருங்கினால் எனக்கு இப்படியான அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். "அண்ணை, ரெண்டு கிழமை லீவில வாறம். அப்பப்பாட அப்பா ஆரெண்டு கண்டுபிடிக்கோணும். சுவடிக்கூடத்தில பேரைச் சொன்னால் எடுத்துத் தருவினமோ?"

தர மாட்டார்கள். அவர்களுக்கே அப்படி எடுக்க வழியில்லை.

கொழும்பில் குடும்ப ஆவணங்களைத் தேடிக் கொடுப்பது என் தொழில். வருகிற எல்லோருக்கும் முதலில் சொல்வது ஒன்றுதான்: அரசாங்கத்தின் பழைய ஆவணங்களை வைத்திருக்கும் தேசிய சுவடிக்கூடத்தில் ஆட்களின் பெயர் வரிசையில் எதுவும் அடுக்கப்பட்டிருக்காது. எந்தக் கச்சேரி (மாவட்ட அரசாங்க அலுவலகம்), எந்த நீதிமன்றம், எந்தத் திணைக்களம் எழுதியதோ, அந்த ஒழுங்கில்தான் கட்டுகள் இருக்கும். ஆகவே பெயரை மட்டும் கொண்டுவந்து பயனில்லை. ஊர், ஏறத்தாழ எந்த வருடம், எந்த அலுவலகத்தில் அவர் கைநாட்டோ கையெழுத்தோ வைத்திருப்பார், இந்த மூன்றும் வேண்டும். இவற்றைச் சேர்க்கும் வேலை விமானம் ஏறுமுன் முடிய வேண்டும்.

அதில் பாதி உங்கள் வீட்டு அலுமாரியிலேயே இருக்கும். அப்பாவின் பிறப்புச் சான்றிதழை எடுத்து, கீழே உள்ள கூடுகளைப் பாருங்கள். அப்பாவின் பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய முழுப் பெயர், பிறந்த வருடம், இடம் என்று ஒரு கூடு. அப்பாவின் தகப்பன் இலங்கையில் பிறக்காவிட்டால் அப்பாவின் பூட்டனாருடைய விவரத்துக்கு இன்னொன்று. 1948 குடியுரிமைச் சட்டம் பரம்பரையை நிரூபிக்கச் சொன்னதன் விளைவு அந்தக் கூடுகள். எத்தனையோ குடும்பங்களைக் கஷ்டப்படுத்திய சட்டம்; இன்று தலைமுறை தேடுகிறவனுக்கு அதுவே நூல்நுனி. கோடு மட்டும் போட்டு விட்டிருந்தாலும் மனம் சோராதீர்கள், பதிவாளர் பிரிவின் பெயராவது மேலே இருக்கும்.

அப்புறம், கல்வெட்டு. யாழ்ப்பாணத்து வீடுகளில் இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சடித்துக் கொடுக்கும் நினைவு மலரைச் சொல்கிறேன். தேவாரமும் ஒப்பாரியும் தாண்டிப் பின் பக்கங்களுக்குப் போனால் வம்சாவளி மரம் இருக்கும், சிலவற்றில் ஐந்தாறு தலைமுறைக்கு. நூலகம் நிறுவனத்தின் இணையத் தளத்தில் இவற்றுள் நிறைய ஏற்றியிருக்கிறார்கள். வீட்டிலிருந்தே தேடலாம், காசும் இல்லை. ஒரு எச்சரிக்கை: கல்வெட்டு எழுதியவர் குடும்பப் பெருமையையும் சேர்த்தே எழுதியிருப்பார். வேண்டாத கலியாணங்களும் பிரிந்துபோன கிளைகளும் அதில் வராது.

கொழும்பில் எதை எங்கே தேடுவது? பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவென்றால் பதிவாளர் நாயகம் திணைக்களம். அதன் மத்திய பதிவறை மாளிகாவத்தையில். 1960க்குப் பிந்தியவற்றைப் பிரதேச செயலகங்களிலேயே எடுக்கலாம். காணி உறுதி (நிலப் பத்திரம்) வேறு கதை, அது காணி இருக்கும் மாவட்டத்துக் காணிப் பதிவகத்தில்தான். பருத்தித்துறைக் காணிக்குக் கொழும்பில் அலைய வேண்டாம். முன்பெல்லாம் யாழ்ப்பாணத்தில் தாலி கட்டியதோடு சரி, பதியாத கலியாணங்கள் ஏராளம். அப்படியான இடத்தில் சீதன உறுதிதான் சாட்சி பேசும்: மாப்பிள்ளை, பொம்பிளை, கொடுத்த தாய் தகப்பன் எல்லோரும் அதில் இருப்பார்கள்.

கறுவாத்தோட்டத்துச் சுவடிக்கூடத்தில் நான் அதிகம் புரட்டுவது பழைய அரசாங்க வர்த்தமானி. 1802இல் தொடங்கியது. ஜூரியாக உட்காரத் தகுதியுள்ளவர்களின் பட்டியலை அதில் அச்சிடுவார்கள், ஆங்கிலம், சிங்களம், தமிழ் பேசுவோர் என்று பிரித்து, பெயர், தொழில், வசிக்கும் இடத்தோடு. அண்மையில் ஒருவர் தன் பாட்டனார் "கோட்டையில் ஒரு கம்பெனியில் கிளாக்கர்" என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாமல் வந்தார். பட்டியலில் அவர் அகப்பட்டார், பம்பலப்பிட்டி விலாசத்தோடு. விலாசம் பதிவாளர் பிரிவைக் காட்டியது, பிரிவு விவாகப் பதிவைக் காட்டியது, அதில் பாட்டனாரின் தகப்பன் பெயரும் தொழிலும் இருந்தன. சொத்தோ சம்பளமோ உள்ள ஆண்களுக்கு மட்டும்தான் இந்த வழி என்பதையும் சொல்லிவிட வேண்டும். அம்மம்மாவைத் தேடுகிறவர்கள் மரண அறிவித்தல்களைப் பாருங்கள். வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கின. "இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் மாமியாரும்" என்று அடுக்கும் அந்த நாலு வரியில் ஒரு குடும்பமே நிற்கும்.

ஆங்கிலப் பட்டியல்களில் எழுத்துக்கூட்டலைக் கவனியுங்கள். கந்தையா ஆங்கில 'கே'யில் இல்லாவிட்டால் 'சி'யில் இருப்பார். சின்னத்துரையை 'எஸ்'ஸிலும் 'சி எச்'சிலும் பார்த்துவிட்டுத்தான் இல்லையென்று சொல்ல வேண்டும்.

மலையகத்துத் தேயிலைத் தோட்டக் குடும்பங்களுக்குப் பாதை வேறு. தோட்டத்தின் பெயர்தான் அங்கே திறப்பு. ஆனால் தாத்தா சொன்ன தமிழ்ப் பெயர் ஒன்று, காகிதத்தில் உள்ள ஆங்கிலப் பெயர் இன்னொன்று. தோட்டத்தில் இருக்கும் வயதானவர்களிடம் இரண்டையும் கேட்டுக் குறித்துவிட்டு, தோட்டங்களைப் பட்டியலிடும் பழைய பெர்குசன் டைரக்டரியில் அது எந்த மாவட்டம், எந்தத் துரை (தோட்ட நிர்வாகி) என்று பாருங்கள். 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டப்படி மனுப்போட்டவர்கள் இத்தனை வருடம் தொடர்ந்து இங்கேயே இருந்தோம் என்று காட்ட வேண்டியிருந்தது. அதற்காகச் சேர்த்த பள்ளிக்கூடச் சான்றிதழ், துரை கொடுத்த கடிதம் எல்லாம் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) தகரப் பெட்டிகளில் இன்றும் கிடக்கின்றன. 1964 இலங்கை இந்திய ஒப்பந்தத்தின் பின் இந்தியா போன உறவினர் இருந்தால், அவர்களின் கடவுச்சீட்டையும் தமிழ்நாட்டின் மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஒல்லாந்தர் காலத் தோம்பை (காணி, குடும்பப் பதிவேட்டை) பார்க்க வேண்டும் என்று பலர் ஆசைப்படுகிறார்கள். பழைய டச்சுக் கையெழுத்து வாசிக்கத் தெரியாவிட்டால் அந்த ஒரு நாளையும் மிச்சம் பிடியுங்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் கோப்பித் தோட்டக் காலத்திலும் அதன் பின்னும் வந்தவர்களின் பெயர் அதில் இருக்கவும் வழியில்லை. கிறிஸ்தவக் குடும்பமென்றால் ஞானஸ்நானப் பதிவு கைகொடுக்கும். கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, புறக்கோட்டைப் பக்கத்துக் கோயில்களுக்கு முன்கூட்டியே கடிதம் எழுதிவிட்டுப் போங்கள். ஞாயிறு பூசை முடிந்த கையோடு போய் நின்றால் பாதிரியாருக்கும் சங்கடம். லண்டன் கியூ, ஹேக் காப்பகங்கள் பற்றியும் கேட்கிறார்கள். ஆளுநர் எழுதிய கடிதங்கள் அங்கே உண்டு. உங்கள் பாட்டனார் அரசாங்க உத்தியோகத்தர் இல்லையென்றால் அவசரமில்லை.

நாட்களைத் திட்டமிடும்போது போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களையும் சித்திரைப் புத்தாண்டையும் நாட்காட்டியில் வெட்டிவிடுங்கள். சுவடிக்கூடம், அரும்பொருட்காட்சிசாலை நூலகம், தேசிய நூலகம் மூன்றும் கொழும்பு 7இல்தான், ஓட்டோவில் கொஞ்ச நேரம். மூன்றிலும் வாசகர் அனுமதி நடைமுறையை முன்பே மின்னஞ்சலில் கேட்டு வையுங்கள். கடவுச்சீட்டும், பேனாவுக்குப் பதில் பென்சிலும் கையில் இருக்கட்டும்.

அலுவலக வாசல்களில் "நான் உள்ளுக்குப் பேசி எடுத்துத் தாறன்" என்று வருபவர்களிடம் மூலச் சான்றிதழைக் கொடுக்காதீர்கள். இல்லாத பதிவுக்கும் சான்றிதழ் அடித்துத் தருபவர்கள் அவர்களுக்குள் இருக்கிறார்கள். அப்படியொன்றைத் தூதரகத்தில் நீட்டினால் மாட்டுவது நீங்கள்தான். உண்மைப் பிரதி நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் வரலாம். அதைப் பெற இங்கே நிற்கும் ஒரு உறவினரின் பெயருக்கு, அடையாள அட்டை இலக்கத்தோடு, ஒப்பமிட்ட அதிகாரக் கடிதம் ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.