பொனட்டுக்குள்ள இருக்கிற கச்சான்: பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் போற காத்தை எப்பிடிக் குளிரா வைக்கிறது

ஆடி மாசத்துக் கச்சான், அதான் அந்த வறண்ட சூட்டுக்காத்து, அடிக்கிற நேரம் திருகோணமலையில மத்தியானம் 35, 36 பாகை சர்வசாதாரணம், அந்த நாளில பழைய ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கிற ஆக்களோட கதைச்சா எல்லாரும் ஒரே கதைதான் சொல்லுவாங்க, விடியக்காலம் நிலாவெளி றோட்டில பறந்த கார், பின்னேரம் டவுனுக்குள்ள ஊர்ந்து வந்து வெளிய எடுத்து மிதிச்சா இழுவையே இல்ல எண்டு. பழி எல்லாம் கச்சானுக்கு. எனக்கு இதில உடன்பாடு இல்ல. கச்சான் கூட்டுறது விடியக்காலத்தை விட ஏழெட்டுப் பாகைதான், ஆனா ஊர்ந்து வந்த காரில எஞ்சின் தானே சூடாக்கித் தானே திருப்பி இழுக்கிற காத்து அதுக்கு மேல இன்னும் இருபது முப்பது பாகை ஏறி நிக்கும். ஊர்க்காத்தை நாம மாத்த ஏலாது. இந்த ரெண்டாவது சூட்டை மாத்தலாம், அதுவும் பெரிய காசு இல்லாம.

காத்து ஏன் குளிரா இருக்கோணும்? சிலிண்டர் அளந்து எடுக்கிறது கன அளவு, எடை இல்ல. 1.6 லீற்றர் எஞ்சின் ரெண்டு சுத்துக்கு ஒருக்கா அதிகபட்சம் கிட்டத்தட்ட 1.6 லீற்றர் காத்தை இழுக்கும், அந்தக் காத்து சூடா இருந்தா விரிஞ்சு கிடக்கும், அதே இடத்துக்குள்ள ஒட்சிசன் குறைவு. கடல்மட்டத்தில 30 பாகையில ஒரு கனமீற்றர் காஞ்ச காத்து ஏறத்தாழ 1.165 கிலோ, அதுவே 60 பாகையில 1.06 கிலோ. ஒம்பது வீதம் போச்சு. ஒரு கிலோ பெற்றோல் சரியா எரிய 14.7 கிலோ காத்து வேணும், காத்து குறைஞ்சா பெற்றோலையும் குறைச்சுத்தான் விட ஏலும், அங்கதான் இழுவை போகுது.

ஒம்பது வீத ஒட்சிசன் போனா ஒம்பது வீத பவர் போகும் எண்டு எயார் பில்டர் கிட் விக்கிறவங்க சொல்லுவாங்க, அது முழு உண்மை இல்ல. எஞ்சின் பவர் அளக்கிற எஸ்.ஏ.ஈ எண்ட வாகனப் பொறியியலாளர் சங்கத்தின்ட ஜே1349 தரத்தில வெப்பநிலைக்குப் போடுற திருத்தம் கெல்வினில எடுத்த ரெண்டு வெப்பநிலையின்ட விகிதத்துக்கு வர்க்கமூலம், நேர் விகிதம் இல்ல. காரணம் வடிவா விளங்கும்: குளிர்ந்த காத்து உள்ள போனா சூடான இன்டேக் துவாரம், வால்வு, சிலிண்டர் சுவர் எல்லாம் அதைக் கூடவா சூடாக்கும், ஏற்கெனவே சூடான காத்தைக் குறைவா சூடாக்கும், அதால வால்வு மூடுற நேரத்தில வித்தியாசம் பாதிக்குக் கிட்டச் சுருங்கியிரும். அப்ப 30 க்கும் 60 க்கும் இடையில நாலரை வீதம் மட்டில. 120 குதிரைவலு எஞ்சின் எண்டா அஞ்சு, அஞ்சரை. சின்னது மாதிரித் தெரியும், ஆனா பாரம் குறைஞ்ச பழைய காரில இந்த அஞ்சை உடம்பே உணரும்.

உதாரணத்துக்கு மஸ்டா எம்எக்ஸ்-5 இன்ட முதல் தலைமுறையை எடுப்பம், 1989 இல வந்தது, ஜப்பானில யூனோஸ் ரோட்ஸ்டர் எண்டு வித்தது, ஸ்டியரிங் வலப்பக்கம் எண்டதால நம்ம நாட்டுக்கும் பொருந்துற கார். ஓட்டுறவர் இருந்து முன்னுக்குப் பாத்தா எயார் பில்டர் பெட்டி இடது முன் மூலையில இருக்கு, அதே இடது பக்கத்திலதான் எஞ்சினில இருந்து புகை வெளியேறுற எக்ஸோஸ்ட் மெனிபோல்டும். ஆனா த்ரொட்டில், அதாவது மிதிக்கேக்க திறந்து காத்தை விடுற கதவு, வலப்பக்கம். அதால காத்து வாற குழாய் ரேடியேற்றருக்குப் பின்னால எஞ்சின்ட முன்பக்கத்தைக் குறுக்கால கடந்து போகுது, ரேடியேற்றர் பான் ஊதுற சூட்டுக்காத்து முழுக்க அந்தக் குழாயிலயும் பெட்டியிலயும்தான் அடிக்கும். எரியிற பெற்றோலில ஏறத்தாழ மூண்டில ஒரு பங்குதான் சில்லுப் பக்கம் போகுது, மிச்சத்தில பெரும்பகுதி எக்ஸோஸ்டாலயும் ரேடியேற்றராலயும் சூடா வெளிய வருது, அது ரெண்டுக்கும் நடுவில நிண்டுதான் எஞ்சின் காத்து இழுக்குது.

இப்ப எனக்குப் பிடிச்ச கணக்கு. முழுசா மிதிச்சு 6000 சுத்தில ஓடேக்க இந்த எஞ்சின் செக்கனுக்கு 80 லீற்றர் மட்டில இழுக்கும், எடையில 85 கிராம் வரும். அவ்வளவு காத்தை ஒரு பாகை சூடாக்க 85 வாற்று வேணும், பத்துப் பாகை எண்டா 850 வாற்று, அதாவது வீட்டில இருக்கிற கரண்ட் அயன் பெட்டி அளவு சக்தியைக் குழாய்ச் சுவரால காத்துக்குள்ள தள்ளோணும், அதுவும் காத்து குழாயைக் கடக்கிற ஐம்பதில ஒரு செக்கனுக்குள்ள. நடக்காது. ஆனா ஐடிலில இதே எஞ்சின் செக்கனுக்கு ரெண்டு மூண்டு கிராம்தான் இழுக்கும், அந்தக் காத்து குழாய்க்குள்ள ஆறுதலா ஒரு செக்கன் நிக்கும், வெறும் 25, 30 வாற்றே பத்துப் பாகை கூட்டப் போதும்.

இதில இருந்து ரெண்டு விசயம் பிடிபடும். வேகமா ஓடேக்க குழாய் பிளாஸ்டிக்கா அலுமினியமா, அதுக்குச் சூடு மறிக்கிற தங்க நிற ரேப் சுத்தினதா இல்லையா எண்டதெல்லாம் அவ்வளவு முக்கியம் இல்ல, காத்து எங்க இருந்து உள்ள வருது எண்டதுதான் முக்கியம். ரெண்டாவது, ட்ராபிக்கில நிண்டு ஊர்ந்த பிறகு மிதிக்கிற முதல் கொஞ்ச நேரம்தான் மோசம், குழாயும் பெட்டியும் இன்டேக் மெனிபோல்டும் ஊறின சூட்டைக் காத்து கழுவிக்கொண்டு போகும் மட்டும் இழுவை வராது. கந்தளாய்ப் பக்கம் நீட்டு றோட்டில போற காருக்கும் டவுனுக்குள்ள மட்டும் ஓடுற காருக்கும் வருத்தம் வேற வேற, மருந்தும் வேற.

இழுவை ஒரு பக்கம், நொக்கிங், அதாவது அமுக்கின சூட்டில கலவை தானா வெடிக்கிறது, இன்னொரு பக்கம், எனக்கு இதுதான் கூடுதல் கவலை. 1.6 எஞ்சினில அமுக்க விகிதம், அதாவது காத்தை எத்தனை மடங்கு சுருக்குது எண்டது, 9.4. உள்ள போற காத்து 30 பாகை எண்டா அமுக்கி முடியேக்க சுமார் 390 க்கு வரும், 60 பாகையில போனா 455. வாசலில முப்பது கூடினா முடிவில அறுபத்தஞ்சு கூடுது. இந்தக் காரில நொக் சென்சரும் இல்ல, புதுக் கார் மாதிரித் தானா டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடுற நேரத்தை, பின்னுக்கு இழுக்காது. டைமிங்கை கிராங்க் சுத்துற பாகையில 10 இல இருந்து 14 க்கு முன்னுக்கு வச்சு ஒக்ரேன் 92 பெற்றோலும் அடிச்சுப்போட்டு, கச்சான் வெயிலில டவுனுக்குள்ள ஊர்ந்து வந்து உயர் கியரில முழுசா மிதிக்கிற பொடியனுக்குச் சொல்றேன் தம்பி, அந்தச் சலங்கைச் சத்தம் பிஸ்டனில விழுற அடி, அப்பிடித்தான் ஓடப்போறாய் எண்டா 95 அடி, இல்லாட்டி டைமிங்கை பழைய இடத்துக்கே கொண்டுவா.

என்ன செய்யலாம்? முதல் வேலை திறந்த கூம்பு பில்டரைக் கழட்டுறது. மெனிபோல்டுக்குப் பக்கத்தில திறந்தபடி நிக்கிற கூம்பு, இழுக்கிற சத்தத்தைக் கூட்டும், அதோட சூட்டையும் கூட்டும். பழைய பெட்டி கிடைச்சா அதையே போடுங்க, கிடைக்காட்டி கூம்பைச் சுத்தி அலுமினியத் தகட்டால ஒரு அறை கட்டி, பொனட்டோட முட்டுற விளிம்புக்கு றப்பர் பீடிங் வச்சு அடைச்சு, முன்பக்கமிருந்து ஒரு குழாயால வெளிக்காத்தைக் கொண்டு வந்து விடுங்க. அறையை அடைக்காம குழாய் மட்டும் விட்டா பிரயோசனம் குறைவு, எஞ்சின் லேசா வாற பக்கத்தாலதான் இழுக்கும், சூட்டுக்காத்து லேசா வரும். அடுத்தது பம்பருக்குக் கீழ வாற பிளாஸ்டிக் தட்டு, பழைய கார்களில பாதிக்குப் பாதி அது இல்ல, ஆயில் மாத்தேக்க கராச்சில கழட்டினது அங்கயே கிடந்திரும். அது இல்லாட்டி ரேடியேற்றரால போகவேண்டிய காத்து கீழால நழுவும், சிக்னலில நிக்கேக்க பின்னுக்குப் போன சூடு கீழால சுத்தி முன்னுக்கே வரும். பழைய தட்டு ஒண்டு தேடிப் போடுறது எந்தக் கிட்டையும் விட நல்ல செலவு எண்டது என்ட அபிப்பிராயம்.

எக்ஸோஸ்டுக்குத் துணி ரேப் சுத்துற வழக்கம் இருக்கு. சூட்டை மறிக்கும், உண்மை. ஆனா நம்மட கடற்காத்தில அந்தத் துணி உப்பையும் ஈரத்தையும் பிடிச்சு வச்சுக்கொண்டு உள்ளுக்குள்ளால இரும்பைத் தின்னும், அதை விட தகரக் கவசம் திறம், இடையில காத்து போக ஒரு விரல் இடைவெளி விட்டு. பொனட்டின்ட பின் பிணைச்சலுக்கு வொசர் வச்சு உயர்த்துற வேலை நிண்ட காரில சூட்டை வெளிய விடும், ஆனா ஓடேக்க கண்ணாடியின்ட அடிப்பக்கம் அமுக்கம் கூடின இடம், காத்து வெளிய வாறதுக்குப் பதிலா உள்ள போகப் பாக்கும், அமுக்கம் குறைஞ்ச இடம் பொனட்டின்ட முன்பாதியில.

த்ரொட்டிலுக்குப் போற சுடுதண்ணி ஹோஸைக் கழட்டினா காத்து குளிரும் எண்டும் ஒரு கதை ஓடுது. குளிர் நாடுகளில த்ரொட்டில் உறையாமல் இருக்க அது உதவும், இங்க உறைபனிக்கு வழியே இல்ல, ஆனா 1.6 ரோட்ஸ்டரில அதே சுடுதண்ணிதான் ஐடிலைக் குறைக்கிற மெழுகு வால்வையும் சூடாக்குது, அது சூடாகாட்டி ஐடில் உயர்ந்தபடியே நிக்கும். மேல பாத்த கணக்குப்படி மிதிக்கேக்க லாபம் ஒண்டும் பெரிசா இல்ல, கை வைக்காதீங்க. டர்போ கார் எண்டா கதை வேற, அமுக்கேக்கயே காத்து தொண்ணூறு பாகையைத் தொடும், அங்க முதல் பாக்கவேண்டியது அமுக்கின காத்தை ஆத்துற இன்டர்கூலர், அதின்ட பட்டைகளுக்கு நடுவில அடைஞ்ச மணலும் பூச்சியும்.

எதைச் செய்தாலும் அளந்து செய்யுங்க. வெப்பநிலை பாக்கிற மல்ரிமீற்றரும் அதில கொழுவுற, சூட்டை உணர்ற கே வகைக் கம்பியும் விலை குறைவு, கம்பியைப் பில்டர் பெட்டிக்குள்ள விட்டு, வெளிக்காத்தை நிழலில அளந்து, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்க, தனி எண் ஒண்டும் சொல்லாது. மணிக்கு அறுபது கிலோமீற்றரில சீராப் போகேக்க வித்தியாசம் பத்துப் பாகைக்குள்ள எண்டா பெட்டியைப் பற்றி யோசிக்கத் தேவையில்ல. இருபதுக்கு மேல எண்டா எங்கயோ சூட்டுக்காத்து புகுது, கையை விட்டுத் தடவினாலே ஓட்டை பிடிபடும். பெற்றோல் மிச்சம் பிடிக்கும் எண்டு நினைச்சு இதைச் செய்யாதீங்க, அரைவாசி மிதியில சூடான காத்துக்கு த்ரொட்டில் கூடத் திறக்கும், இழுக்கிற கஷ்டம் குறையும், அதால செலவு கூடாது, சில நேரம் கொஞ்சம் குறையவும் செய்யும்.

குழாய் வாயை எங்க வைக்கிறது எண்டதில மட்டும் அவசரப்படாதீங்க. கீழ பம்பருக்குள்ள வச்சா வேகத்தில காத்து நல்லா வரும், ஆனா கார்த்திகை மார்கழி மழையில றோட்டில தண்ணி நிக்கேக்க அதே வாய் தண்ணியைத்தான் உறிஞ்சும், தண்ணி அமுங்காது, கொனெக்டிங் றொட் வளைஞ்சு எஞ்சின் அந்த இடத்திலயே முடிஞ்சிரும். முன்லைற்று உயரத்துக்குக் குறையாம வைங்க.