காக்னிட்டிவ் ரிசர்வ்: ஒதுக்கீடு அல்ல, கையிருப்பு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எழுபத்தாறு வயது. முதியோர் நலம் பற்றிய துண்டறிக்கை ஒன்றைக் கொண்டுவந்து, "இதுக்கு எங்க தம்பி விண்ணப்பம் போடணும்?" என்று கேட்டார். அதில் ‘அறிவாற்றல் ஒதுக்கீடு’ என்று அச்சாகியிருந்தது. அவர் மேல் தப்பே இல்லை, ஒதுக்கீடு என்றால் நமக்கு இடஒதுக்கீடும் நிதி ஒதுக்கீடும்தானே நினைவுக்கு வரும்.

மூலச்சொல் காக்னிட்டிவ் ரிசர்வ், மூளையில் சேதம் வந்தாலும் சமாளித்து வேலை பார்க்கும் திறன். லத்தீனில் ‘கோக்னோஸ்கெரே’ என்றால் அறிந்துகொள்வது, ‘ரெசெர்வாரே’ என்றால் எடுத்துக் காத்துவைப்பது. யாரோ நமக்குப் பிரித்துக் கொடுப்பது என்ற பொருளே இதில் கிடையாது. ‘அறிவாற்றல்’ என்பதும் சரியில்லை, அது புத்திசாலித்தனம் என்ற பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். கவனிப்பது, நினைவில் வைப்பது, கணக்குப் போடுவது, முடிவெடுப்பது எல்லாம் சேர்ந்ததற்கு ‘அறிதிறன்’ பொருந்துகிறது.

சரி, இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது? 1988-இல் ராபர்ட் காட்ஸ்மன் குழு அமெரிக்காவில், முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்து இறந்த 137 பேரின் மூளையை ஆராய்ந்து வெளியிட்டது. அதில் 10 பேரின் மூளையில், நினைவை மெல்ல மெல்ல அழிக்கும் அல்சைமர் நோய்க்கான படிவுகள் நிறைய இருந்தன, ஆனால் உயிரோடு இருந்தபோது அவர்கள் நல்ல தெளிவோடு இருந்திருக்கிறார்கள். அவர்களுடைய மூளையின் எடையும் பெரிய நரம்பணுக்களின் எண்ணிக்கையும் கூடுதல். அதற்கப்புறம் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் யாக்கோவ் ஸ்டெர்ன் இரண்டைப் பிரித்துக் காட்டினார்: மூளையின் அளவும் நரம்பணுக்களும் எவ்வளவு இருக்கின்றன என்பது ஒன்று, இருப்பதை வைத்து எப்படிச் சமாளிக்கிறது என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் காக்னிட்டிவ் ரிசர்வ்.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதே, அதை நினைத்துப் பாருங்கள். எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் ஒரே சேதம், நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மோட்டாரையும் மிக்ஸியையும் மட்டுமே நம்பியிருந்த வீடுகள் அப்படியே நின்றுபோயின. எதிர்வீட்டு ஆத்தா கேணியில் வாளி விட்டு இறைத்து, அம்மியில் அரைத்து, விழுந்த முருங்கைக் கீரையை உருவி மதியத்துக்குள் குழம்பு வைத்துவிட்டார். சேதம் குறைவு என்பதால் இல்லை, அவர் கைவசம் வேறு வழிகள் இருந்தன.

அதனால்தான் ‘இருப்பு’ போதாது, ‘கையிருப்பு’ வேண்டும் என்கிறேன். இருப்பு என்றால் கிடங்கில் கிடப்பது, கையிருப்பு என்றால் தேவைப்படும்போது எடுத்துப் புழங்கக்கூடியது. முதலாவதை ‘மூளை இருப்பு’ என்றும் இரண்டாவதை ‘அறிதிறன் கையிருப்பு’ என்றும் எழுதினால் ஸ்டெர்ன் சொன்ன வித்தியாசம் தமிழிலும் நிற்கும். இதை நேரடியாக அளக்கும் கருவி கிடையாது. படித்த ஆண்டுகள், பார்த்த வேலை, பொழுதுபோக்கு, சொல்வளம் இவற்றை வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள்.

படிப்பு மட்டும்தான் கணக்கு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. முதுநகர் துறைமுகத்தில் மீன் எடுக்கும் ஓர் அம்மாவைத் தெரியும், பள்ளிக்கூட வாசலே மிதிக்காதவர். சங்கரா ஒரு கூடை ஏலத்தில் எடுத்த கையோடு, ஐஸ் காசு, ஷேர் ஆட்டோ காசு, வழியில் நசுங்கிப்போவது எல்லாம் கழித்து, கூறு என்ன விலை வைத்தால் கட்டும் என்று நடந்துகொண்டே சொல்லிவிடுவார். 2013-இல் ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழு டிமென்ஷியா என்ற மறதிநோய் வந்த 648 பேரைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுபவர்களுக்கு நோய் சுமார் நாலரை ஆண்டு தள்ளித் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வித்தியாசம் தெரிந்தது. தமிழும் பிரெஞ்சும் மாற்றி மாற்றிப் பேசும் புதுச்சேரிப் பெரியவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

நோயே இல்லாத முதியவர்களுக்கும் பெயர்கள் சட்டென்று வராது, வேகம் குறையும், அது வயதின் இயல்பு. சொல்வளம் பெரும்பாலும் நிற்கும். ஒன்றை மட்டும் வீட்டில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும்: கையிருப்பு நோயைத் தடுப்பதில்லை, அது வெளியே தெரிவதைத் தள்ளிப்போடுகிறது. கையிருப்பு அதிகம் உள்ளவர்களுக்கு அறிகுறி தெரியும்போது உள்ளே சேதம் ஏற்கெனவே அதிகமாகியிருக்கலாம், பிறகு சரிவும் வேகமாக இருக்கும். அதனால் வாழ்நாளெல்லாம் கணக்கில் புலியாக இருந்த அப்பா மளிகைச் சீட்டில் இரண்டு தடவை தடுமாறினால், "நல்லாத்தானே பேசுறார்" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.