திரும்பி வந்த மூட்டை எத்தனை?

விவசாயம் சார்ந்த நிறுவனங்களுக்கு உயர் பதவி ஆட்களைத் தேடித் தருவது என் தொழில். விதை, உரம், பூச்சிமருந்து, தானிய வணிகம், பால் என்று எல்லா வகை நிறுவனங்களும் வரும். நேர்காணலில் இயக்குநர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "உங்கள் காலத்தில் விற்பனை எவ்வளவு கூடியது?" என்பதுதான். நான் அதைக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டு வேறொன்று கேட்பேன்: "பருவம் முடிந்ததும் டீலர்களிடமிருந்து எத்தனை மூட்டை திரும்பி வந்தது?"

அடிபட்டுத்தான் இந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்தேன். சில வருடங்களுக்கு முன் ஒரு விதை நிறுவனத்துக்கு விற்பனைத் தலைவர் ஒருவரைச் சேர்த்துவிட்டேன். முந்தைய இடத்தில் இரண்டே வருடத்தில் விற்பனையை ஒன்றரை மடங்காக்கியவர். படிப்பு, பேச்சு எதிலும் குறை சொல்ல முடியாது. புது இடத்திலும் முதல் வருடக் கணக்கு ஜோராக இருந்தது. அப்புறம்தான் கிடங்கு நிரம்பத் தொடங்கியது. கணக்காண்டு முடியும் நேரத்தில் டீலர்கள் தலையில் சரக்கைக் கட்டியிருக்கிறார். நீண்ட கடன் கொடுத்து, "விற்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்கிறோம்" என்று வாய்வார்த்தையும் கொடுத்திருக்கிறார். விசாரித்தால் பழைய இடத்திலும் இதே கதை. முன்பே விசாரிக்காமல் விட்டது என் தப்பு.

இந்த வித்தை எல்லாத் தொழிலிலும் உண்டே என்பீர்கள். உண்டுதான். ஆனால் இந்த மாதம் விற்காத சோப்பு அடுத்த மாதம் விற்கும். விதை உயிருள்ள சரக்கு. கிடங்கில் கிடக்கக் கிடக்க முளைப்புத்திறன் இறங்கும். அடுத்த பருவத்துக்கு அனுப்புவதற்கு முன் மறுபடி சோதிக்க வேண்டும், தேறாததை விதையாக விற்க முடியாது. இரண்டு வரிசைப் பயிர்களைக் கலந்து எடுக்கும் வீரிய ஒட்டு விதை என்றால் இன்னும் சிக்கல். இந்தப் பருவம் விற்கும் மூட்டைக்காக, ஒரு பருவமாவது முன்பே ஆண், பெண் வரிசைகளை விதைத்து அறுவடை செய்திருக்க வேண்டும். ஆக, இன்றைய விற்பனை போன வருடம் யாரோ எடுத்த முடிவு. இன்றைய முடிவின் லட்சணம் அடுத்த வருடம்தான் வெளுக்கும், அதற்குள் முடிவெடுத்தவர் போனஸை வாங்கிக்கொண்டு வேறு வேலைக்கே போயிருக்கலாம். பயிர்ப் பாதுகாப்பில் இந்த இடைவெளி இன்னும் நீளம். புதிய பூச்சிமருந்து ஒன்று ஆய்வகத்திலிருந்து சந்தைக்கு வர 10 வருடத்துக்கு மேல் பிடிக்கும். தொடங்கியவர் ஒருவர், பெயர் வாங்குபவர் இன்னொருவர்.

பெரிய நிறுவனங்களுக்கும் இந்தச் சபலம் உண்டு. ரவுண்டப் களைக்கொல்லியை வாங்கி வைக்கச் சொல்லி அமெரிக்க விதை, களைக்கொல்லி நிறுவனமான மான்சாண்டோ தன் வியாபாரிகளுக்குத் தள்ளுபடி அறிவித்தது. விற்பனை 2009 கணக்கில் ஏறியது, தள்ளுபடிச் செலவு அடுத்த வருடக் கணக்குக்குப் போனது. இந்தக் கணக்கு விவகாரத்துக்காக 2016-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்துக்கு 8 கோடி டாலர் அபராதம் கட்ட அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது.

அதனால் இப்போது வேட்பாளரிடம் மூன்று பருவங்களின் கதையைக் கேட்கிறேன்: அனுப்பிய சரக்கு, திரும்பிய சரக்கு, வசூலாகாமல் நின்ற கடன். நிறுவன ரகசியத்தைக் கொட்டச் சொல்வதில்லை, ஏறத்தாழச் சொன்னால் போதும். அந்த வேலையை உண்மையிலேயே செய்தவருக்கு இந்த மூன்றும் நாக்கு நுனியில் இருக்கும். இழுப்பவரிடம் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அப்புறம் விசாரணை. பழைய மேலதிகாரி நல்லதாகத்தான் சொல்வார், அதற்கென்றே அவர் பெயரைக் கொடுத்திருப்பார்கள். கிடங்கு மேலாளர், பழைய டீலர், பயிர்ப் பெருக்கத் துறையில் இருந்தவர் ஆகியோரிடம் பேசினால் வேறு ஆள் தெரிவார். வேட்பாளரின் சம்மதத்தோடுதான் இதைச் செய்ய வேண்டும். அவர் இப்போது வேலை பார்க்கும் இடத்தில் மூச்சு விடக் கூடாது.

இன்னொரு கேள்வியும் எனக்குப் பிடிக்கும்: "மழை பொய்த்த வருடத்தில் என்ன செய்தீர்கள்?" ஒருவர் சொன்னார், பருவத்தின் நடுவிலேயே இயக்குநர்களிடம் போய் இலக்கைக் குறைக்கச் சொன்னாராம், அந்த வருட போனஸ் போயிற்றாம். அவரை நான் பரிந்துரைத்தபோது தேர்வுக் குழுவில் ஒருவர், "இலக்கைத் தொடாதவர்தானே" என்றார். தொடாதவர்தான். ஆனால் அவர் விட்டுப்போன கிடங்கு காலியாக இருந்தது.

வெளித்தொழிலிலிருந்து ஆள் எடுக்கலாமா என்பது அடிக்கடி வரும் சந்தேகம். தாராளமாக எடுக்கலாம், எந்த நாற்காலிக்கு என்பதைப் பொறுத்து. அமெரிக்கத் தானிய வணிக நிறுவனமான ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லேண்ட் 2006-ல் தன் தலைமைக்குக் கொண்டுவந்த பாட்ரிஷியா வோர்ட்ஸ், செவ்ரான் எண்ணெய் நிறுவனத்தில் சுத்திகரிப்புப் பிரிவைப் பார்த்தவர். மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் எரிபொருளான எத்தனால் அந்த நிறுவனத்துக்கு முக்கியத் தொழிலாக இருந்த சமயம் என்பதால் அந்தத் தேர்வில் ஒரு கணக்கு இருந்தது. அவருக்குப் பின் வந்த ஹுவான் லூசியானோவும் டவ் கெமிக்கலிலிருந்து வந்தவர்தான், ஆனால் 2011-ல் செயல்பாட்டுத் தலைவராக உள்ளே நுழைந்து, சில பருவங்களைப் பார்த்தபின் 2015-ல் தலைவரானார். எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடித்தது. 1865-ல் தொடங்கிய இன்னொரு அமெரிக்கத் தானிய வணிக நிறுவனமான கார்கில் வேறு பாதையில் போகிறது: 2023-ல் தலைவரான பிரையன் சைக்ஸ் அங்கே சேர்ந்தது 1991-ல். நிதி, தகவல் தொழில்நுட்பம், சட்டம் போன்றவற்றுக்கு வெளியாளைத் தயங்காமல் அனுப்புவேன். விதை உற்பத்திக்கும் கள விற்பனைக்கும் மாட்டேன்.

வேலை தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. உயர் பதவித் தேடலில் கட்டணம் தருவது நிறுவனம். வழக்கமாக முதல் வருட வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவில், தவணைகளாகத் தருவார்கள். உங்களிடம் யாராவது பதிவுக் கட்டணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள். குடும்பத்தோடு பேசுவதையும் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். பண்ணையும் ஆலையும் பெரும்பாலும் நகரத்துக்குத் தள்ளியே இருக்கும். கையெழுத்துக்கு முந்தைய நாள் "வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை" என்று விலகியவர்களை எண்ணினால் விரல் போதாது.

சம்பள ஒப்பந்தத்தில் நான் இப்போது ஒன்றை வலியுறுத்துகிறேன்: போனஸில் ஒரு பகுதியைத் திரும்பி வரும் சரக்கின் கணக்கு முடியும்வரை நிறுத்தி வையுங்கள். பல நிறுவனங்கள் மழுப்பும். அண்மையில் ஒரு நிறுவனம் ஒத்துக்கொண்டது. கடைசிச் சுற்றில் இருவர் இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார், அதோடு சரி. மற்றவர் ஒப்பந்தத்தைப் புரட்டிவிட்டு, "எனக்கு முன் இருந்தவர் தள்ளிவிட்ட மூட்டைகளும் என் கணக்கில்தான் வருமா?" என்று கேட்டார். நாங்கள் யாருமே அதை யோசித்திருக்கவில்லை. சேரும் தேதிக்கு முன் அனுப்பிய சரக்கைக் கழித்து எழுதிக் கொடுத்தோம், அன்றே கையெழுத்துப் போட்டார்.