கீமோவும் காவடியும்: நம்பிக்கைய எப்படி அளக்குறாங்க?

சாமி கும்பிட்டா கேன்சர் போயிடுமான்னு கேட்டா பாதி டாக்டருங்க சிரிச்சிட்டு பேச்ச மாத்திடுவாங்க, கேட்டவங்களும் அதோட விட்டுடுவாங்க. ஆனா பிரார்த்தனை பலிக்குதான்னு நேராவே சோதிச்சுப் பாத்திருக்காங்க. கேன்சர்ல இல்ல, இதயத்துல. அமெரிக்காவுல ஹெர்பர்ட் பென்சன் தலைமையில நடந்து 2006ல வெளியான ஆய்வு அது. பைபாஸ் ஆபரேஷன் செஞ்சுக்கிட்ட 1,802 பேர மூணு குழுவா பிரிச்சு, ரெண்டு குழுவுக்காக மட்டும் முன்பின் தெரியாதவங்கள பிரார்த்தனை பண்ண வச்சாங்க. அந்த ரெண்டுல ஒரு குழுகிட்ட மட்டும் உங்களுக்காகப் பண்றோம்னு சொல்லிட்டாங்க, மத்தவங்களுக்கு நடக்குதா இல்லையான்னே தெரியாது. பிரார்த்தனை நடந்தும் தெரியாம இருந்தவங்கள்ல 52 சதவீதம் பேருக்கு ஏதாச்சும் சிக்கல் வந்துச்சு, பிரார்த்தனையே நடக்காதவங்கள்ல 51, உங்களுக்காகப் பண்றோம்னு சொல்லப்பட்டவங்கள்ல 59! முன்பின் தெரியாதவங்க கும்பிடுற அளவுக்கா நம்ம நெலம மோசமா இருக்குன்னு பயந்துட்டாங்களோன்னு ஒரு ஊகம், தற்செயலாக்கூட இருக்கலாம்.

என்னைக் கேட்டா கடவுள லேப்ல வச்சு டெஸ்ட் பண்றது வேலைக்கே ஆகாது. நம்பிக்கை அந்த நோயாளியோட மனசுல என்ன பண்ணுது, அவங்க எடுக்குற முடிவுல என்ன பண்ணுது, இதத்தான் அளக்க முடியும். கேன்சரும் மதமும்னு ஆராய்ச்சி பண்றவங்கள்ல நெறய பேர் இப்ப இந்தப் பக்கம்தான் இருக்காங்க.

இது ஏன் கேன்சர்ல இவ்ளோ முக்கியம்னா, சிகிச்சை முடிஞ்சாலும் கேன்சர் மனச விட்டுப் போறதில்ல. ஃபிட்ஸ்ஹியூ முல்லன்னு ஒரு அமெரிக்க டாக்டர், அவருக்கே கேன்சர் வந்து பொழைச்சவரு, 1985ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல எழுதினாரு, குணமாயிடுச்சு இல்ல குணமாகலன்னு ரெண்டா மட்டும் பாக்காதீங்க, இது கேன்சர்தான்னு சொன்ன நாள்லேருந்தே மூணு பருவம் இருக்குன்னு. அதுல நடுப்பருவம்தான் கொடுமை. கீமோ முடிஞ்சிருக்கும், ஆஸ்பத்திரியில நம்மள சுத்தி இருந்த கூட்டம் கலைஞ்சிருக்கும், சொந்தக்காரங்க எல்லாம் "அதான் சரியாயிடுச்சே"ன்னு அவங்கவங்க வேலையப் பாக்கப் போயிருப்பாங்க, ஆனா அடுத்த ஸ்கேன் தேதி நெருங்க நெருங்க தூக்கம் வராது, சும்மா முதுகு வலிச்சாக்கூட திரும்ப வந்துடுச்சோன்னு இருக்கும். மருந்து கிட்டத்தட்ட ஓஞ்சிருக்குற அந்த நேரத்துலதான் கோயிலும் பள்ளிவாசலும் சர்ச்சும் வேலைய ஆரம்பிக்குது.

சரி, எப்படி அளக்குறது? வாரத்துக்கு எத்தனை தடவ கோயிலுக்குப் போறீங்கன்னு எண்ணினா மாட்டிக்குவோம். நம்ம சிங்கப்பூர் சிராங்கூன் ரோடு வீரமாகாளியம்மன் கோயில் வெள்ளிக்கிழமை கூட்டத்துல நிக்குறவங்க ஆரோக்கியமா இருக்காங்கன்னா, கோயிலுக்குப் போனதால ஆரோக்கியமா, இல்ல நிக்கத் தெம்பு இருக்குறதால கோயிலுக்குப் போக முடியுதா? படுக்கையில கெடக்குறவங்க அந்த கணக்குலயே வரமாட்டாங்களே. 2015ல கேன்சர் அப்படிங்கிற ஜர்னல்ல 32,000 நோயாளிகளுக்கு மேல சேத்துப் பாத்தப்போ, வழிபாட்டுக்குப் போறது, பிரார்த்தனை பண்றது மாதிரி வெளிய செய்யுற விஷயங்களுக்கும் உடம்பு எப்படி இருக்குன்னு அவங்களே சொன்னதுக்கும் பெரிசா சம்பந்தம் தெரியல. உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி, ஒரு பிடிமானம் இருந்தவங்கதான் உடம்பும் பரவால்லன்னு சொன்னாங்க. இதுலயும் எது காரணம் எது விளைவுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது.

அதனாலதான் ஒஹாயோவுல உளவியல் பேராசிரியரா இருந்த கென்னத் பார்கமென்ட் வேற மாதிரி அளவுகோல் செஞ்சாரு. அதோட சின்ன வடிவத்துல 14 வாக்கியம், பாதி ஒரு பக்கம், பாதி மறுபக்கம். கடவுள் கூட இருக்காரு, நானும் அவரும் சேந்து இத சமாளிக்குறோம், இப்படிப் போறது ஒரு வகை. என்னைக் கடவுள் கைவிட்டுட்டாரு, நான் செஞ்ச தப்புக்குத் தண்டனை குடுக்குறாரு, இது இன்னொரு வகை. ரெண்டாவது வகையில அதிகமா டிக் பண்றவங்களுக்கு மன உளைச்சல் கூட இருக்கு, வாழ்க்கைத்தரம் கொறவா இருக்குன்னு பல ஆய்வுல வந்திருக்கு. ரெண்டு பேருமே பக்திமான்தான், தெனமும் வெளக்கு ஏத்துறவங்கதான், வெளிய பாத்தா வித்தியாசமே தெரியாது. நம்ம ஆளுங்க "எந்த ஜென்மத்துப் பாவமோ"ன்னு ஒரு பெருமூச்சு விடுவாங்கல்ல, அது ரெண்டாவது வகையில சேருமா இல்ல நடந்தது நடந்துச்சுன்னு ஏத்துக்குற பக்குவமான்னு, சொல்றவங்க மூஞ்சியப் பாத்தாதான் தெரியும். அந்த 14 வாக்கியமும் பெரும்பாலும் கிறிஸ்தவங்க இருக்குற ஊர்ல உருவானது, அத அப்படியே தமிழ்ல மொழிபெயர்த்து முருக பக்தர் கையில குடுத்தா பதில நம்ப முடியுமான்னு எனக்கு சந்தேகம்தான்.

இனிமேதான் என்னை ரொம்ப யோசிக்க வச்ச விஷயம். பாஸ்டன்ல டேனா-ஃபார்பர் கேன்சர் மையத்து ஆராய்ச்சியாளர்கள் 2009ல ஜாமா ஜர்னல்ல ஒண்ணு வெளியிட்டாங்க. முத்தின கேன்சர் நோயாளிங்க 345 பேர். நம்பிக்கைய முதல் வகையில, அதாவது நல்ல வகையில, அதிகமா பிடிச்சிக்கிட்டவங்கள்ல 13.6 சதவீதம் பேருக்கு கடைசி வாரத்துல வெண்டிலேட்டர் மாதிரி தீவிர சிகிச்சை நடந்திருக்கு, அப்படி இல்லாதவங்கள்ல 4.2 சதவீதம்தான். கடவுள் மேல பாரத்தப் போட்டவங்க அமைதியா போயிருப்பாங்கன்னுதானே நெனப்போம்? கடவுள் கடைசி நிமிஷத்துலகூட ஏதாச்சும் செய்வாரு, நாம முந்திக்கிட்டு கைய விடக் கூடாதுங்குற எண்ணம் இதுக்குப் பின்னாடி இருக்கலாங்குறாங்க.

இந்தக் குழுவுல இருந்த டாக்டர் ட்ரேசி பால்போனி அடுத்த வருஷம் இன்னொன்னு காட்டினாங்க. இதே பக்தியுள்ள நோயாளிங்ககிட்ட, டாக்டர், நர்ஸ், ஆஸ்பத்திரி பாதிரியார்னு மருத்துவக் குழுவுல யாராச்சும் ஆன்மிக விஷயத்தையும் கவனிச்சிருந்தா, அவங்க ஹாஸ்பிஸ், அதாவது கடைசி காலத்துல வலியில்லாம பாத்துக்குற பராமரிப்பு, பக்கம் போறது கூடுதல், தீவிர சிகிச்சை கம்மி. ஆனா 2013ல வந்த ஆய்வுல, வழிபாட்டு சமூகத்தோட ஆதரவு மட்டும் பலமா இருந்தவங்களுக்கு நேர்மாறா, தீவிர சிகிச்சை அதிகம். ஏன்னா கோயில் கமிட்டிக்கோ சர்ச் நண்பர்களுக்கோ ஸ்கேன் ரிப்போர்ட்ல என்ன இருக்குன்னு தெரியாதே, "விட்டுடாதீங்க"ன்னுதான் சொல்லுவாங்க. இது என்னோட கணிப்பு.

நம்ம ஊர் கிளினிக் அறையில இது எப்படி நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க. டாக்டர் இங்கிலீஷ்ல எப்படி இருக்கீங்கன்னு கேப்பாரு, அம்மா "எல்லாம் முருகன் பாத்துப்பான், தைப்பூசத்துக்கு பால்குடம் எடுக்குறதா வேண்டியிருக்கேன்"னு சொல்லுவாங்க, பக்கத்துல இருக்குற மக "ஷீ இஸ் ஓகே டாக்டர்"னு முடிச்சிடுவா. மக மேல தப்பில்ல, வெளிய எத்தனை பேர் காத்திருக்காங்கன்னு அவளுக்குத் தெரியும். ஆனா விட்டுப்போன அந்த ஒரு வரியில மருத்துவமே இருக்கு. கீமோ போட்டு சுமாரா 7லேருந்து 14 நாளுக்குள்ள வெள்ளை அணுக்கள் ரொம்ப கீழ எறங்கும், அந்த நேரத்துல பெருமாள் கோயில்லேருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் தைப்பூசக் கூட்டத்தோட நடந்தா சாதாரண கிருமிகூட ஆளைப் படுக்க வச்சிடும். அலகு குத்துறதுன்னா இன்னும் மோசம், ரத்தத்த உறைய வைக்குற பிளேட்லெட் அணுக்களும் கொறஞ்சிருந்தா ரத்தம் நிக்காது. கீமோ தேதிய கொஞ்சம் தள்ள முடியுமா, இல்ல வேண்டுதல அடுத்த வருஷத்துக்கு மாத்தலாமா, பால்குடத்த மகனோ மருமகளோ எடுத்துட்டு அம்மா வீட்லேருந்து கும்பிடலாமா, இதெல்லாம் பேசி முடிவு பண்ணக்கூடியதுதான், தேதி டாக்டர் காதுக்குப் போனாத்தான்.

வெளிநாட்டுல இதுக்குன்னே சின்னச் சின்ன கேள்விப் பட்டியல் வச்சிருக்காங்க: உங்களுக்கு நம்பிக்கைன்னு எது இருக்கு, அது எவ்ளோ முக்கியம், கூட யார் இருக்கா, சிகிச்சையில இத நாங்க எப்படி கவனிக்கணும். இவ்ளோதான், அஞ்சு நிமிஷ வேலை. டாக்டர் கேக்கலன்னா நீங்களே சொல்லிடுங்க. வேண்டுதல் தேதி, விரதம் இருக்குற நாள், நோன்பு பிடிக்குறீங்களா, கோயில்லயோ நாட்டு மருந்துக் கடையிலயோ குடுத்தத உள்ளுக்கு சாப்புடுறீங்களா, எல்லாத்தையும். சமையல்ல போடுற மஞ்சளப் பத்தி யாரும் பயப்பட வேணாம், ஆனா மஞ்சள் மாத்திரை, அதுலயும் மிளகு சத்து சேத்தது, மார்பகப் புற்றுநோய்க்குக் குடுக்குற டமாக்சிஃபென் மருந்தோட வேலை செய்யுற அளவ உடம்புல கொறைக்குதுன்னு நெதர்லாந்துல ஒரு சின்ன ஆய்வுல பாத்திருக்காங்க. டப்பாவ பையில போட்டு எடுத்துட்டுப் போய் ஃபார்மசிஸ்ட்கிட்ட காட்டிடுங்க.