லார்க்ஸ்பர் விதைக்குக் குளிர் ஏன் வேண்டும்?

பல பூச்செடிகளின் விதைகள் மண்ணில் சூடு ஏறினால்தான் முளைக்கும். லார்க்ஸ்பர் என்ற பூச்செடி அதற்கு நேர்மாறு. மண் 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்திருந்தால் இரண்டு மூன்று வாரங்களில் முளை தலைகாட்டும். 20 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஈரம் இருந்தும் பெரும்பாலான விதைகள் சும்மா கிடக்கும். விதை மட்டமானது என்று சொல்லி, அதை விற்றவரைத் திட்டுவோம். பல நேரம் பிழை விதைத்த மாதத்தில்தான் இருக்கும்.

காரணம் விதைக்குள்ளேயே இருக்கிறது. செடியிலிருந்து உதிரும்போது அதன் கரு முழு வளர்ச்சி அடைந்திருப்பதில்லை. ஈரமும் குளிர்ச்சியும் சேர்ந்து கிடைக்கும்போது கரு உள்ளேயே மெல்ல நீள்கிறது. அப்புறம்தான் முளைவேர் தோலைக் கிழித்து வரும். இந்தச் செடியின் பூர்வீகம் மத்தியதரைக் கடல் பகுதி. அங்கே கோடை வறட்சி, குளிர்காலத்தில்தான் மழை. கோடையில் பெய்யும் ஒரு தூறலை நம்பி முளைத்தால் நாற்று கருகிப்போகும். அதனால் இந்தச் சோம்பலை ஒரு தற்காப்பு என்றே சொல்ல வேண்டும்.

குளிர்காலம் மிதமான இடங்களில் இலையுதிர் காலத்தில், வெப்பம் இறங்கிய பிறகு விதைப்பதே உத்தமம். நாற்று தரையோடு படர்ந்த இலைக்கொத்தாகக் குளிரைக் கழித்து, அதற்குள் வேரை ஆழமாக இறக்கிவிடும். வசந்தத்தில் தண்டு உயரமாக எழும், பூவும் செழிக்கும். கடுங்குளிர் நாடுகளில் கடைசி உறைபனிக்கு நாலைந்து வாரம் முன்பு விதைக்கலாம். வேறு வழியே இல்லையென்றால், ஈர மணலில் கலந்த விதையை இரண்டு வாரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு விதைக்கலாம். ஆனால் அதன் பிறகும் மண் குளிர்ச்சியாக இருந்தாக வேண்டும்.

இருட்டும் தேவை. அரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக மண் மூடினால் போதும். ஆணிவேர்ச் செடி என்பதால் பிடுங்கி நடுவதை அது பொறுக்காது. பூக்க வேண்டிய இடத்திலேயே நேராக விதையுங்கள். நாற்றுகள் நெருங்கி வந்தால் 20 முதல் 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாக விட்டு மற்றதைப் பிடுங்கிவிடுங்கள். மனசு வராதுதான், ஆனால் நெரிசலில் பூஞ்சை பிடிக்கும்.

விதை பழசானால் முளைப்புத்திறன் சீக்கிரம் குறையும். அந்த ஆண்டுப் புது விதையே நல்லது. செடி முழுக்க நஞ்சு, விதையில் இன்னும் அதிகம். விதைத்ததும் கையைக் கழுவுங்கள், மிச்ச விதையைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.