டப்பாவைத் தேர்ந்தெடுக்கும் முன் சுவரைப் பாருங்கள்

வீட்டுக்கு எந்த பெயின்ட் நல்லது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கம்பெனி பெயரையும் எத்தனை வருட வாரன்டி என்பதையும்தான் விசாரிக்கிறார்கள். சுவரில் ஈரம் இருக்கிறதா, முன்பு என்ன அடித்திருந்தது என்ற பேச்சே வருவதில்லை. ஆனால் உரிந்துபோன சுவர்களைப் போய்ப் பார்த்தால், பெயின்ட்டில் குறை இருப்பது அபூர்வம். அடியில் இருக்கும் ஈரமும் உப்பும்தான் அதைத் தள்ளிவிட்டிருக்கும்.

முதலில் புதுச் சுவர். சிமென்ட் பூச்சு முடிந்து தண்ணீர் அடித்து ஆற்றிய பிறகு, அது நன்றாகக் காய குறைந்தது 28 நாளாவது விடவேண்டும், மழைக்காலம் என்றால் இன்னும் கூடுதலாக. புதுப் பூச்சில் காரத்தன்மை மிக அதிகம், பிஎச் 12-ஐத் தாண்டும், அந்தக் காரமும் ஈரமும் சேர்ந்து நிறத்தை வெளுக்கவைக்கும், சுவரை வழவழப்பாக்கப் பூசும் பட்டியைப் பொடியாக்கும். கிரகப்பிரவேச நாள் குறித்தாகிவிட்டது என்றால் ஒரு கோட்டு வெள்ளை சிமென்ட் மட்டும் அடித்துப் பால் காய்ச்சிக் குடியேறுங்கள், நல்ல பெயின்ட்டை சில மாதம் கழித்து அடித்துக்கொள்ளலாம். ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது எளிது: ஒன்றரை அடிச் சதுரத்துக்கு ஒரு பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் விட்டு எடுத்துப் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் அந்தச் சுவர் இன்னும் தயாராகவில்லை.

நம் ஊரில் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பது வழக்கம். சுண்ணாம்பு அடித்த காலத்தில் அது சரியாகவே இருந்தது, சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். இப்போது அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் ஊறிய வெளிச்சுவரில் மார்கழியிலேயே எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பிளாஸ்டிக் பெயின்ட்) அடித்துவிடுகிறோம், மாசி பங்குனி வெயில் ஏறும்போது உள்ளே அடைபட்ட ஈரம் கொப்புளமாகக் கிளம்புகிறது. பொங்கலுக்கு உள்பக்கத்தை முடியுங்கள், வெளிப்பக்கத்தை வெயில் பிடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு ஓதம் ஏறி உப்புப் பூக்கும் சுவர்களுக்கு எந்த பெயின்ட்டும் மருந்தல்ல. அதன் மேல் டைல்ஸ் ஒட்டி மறைத்தால் ஓதம் டைல்ஸைத் தாண்டி மேலே ஏறும். பாத்ரூமுக்குப் பின்பக்கச் சுவர் என்றால் குழாய்க் கசிவைப் பாருங்கள், மேல்தளச் சுவர் என்றால் மொட்டை மாடியில் பதித்த தட்டோடுகளின் இடுக்குகளைப் பாருங்கள். காரணத்தைச் சரிசெய்து, உப்பைச் சுரண்டி எடுத்து, காயவிட்டு, அப்புறம்தான் பட்டி, பிரைமர் என்ற அடிப்பூச்சு எல்லாம்.

பழைய சுவரில் ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் மாவாக ஒட்டினால் அது சுண்ணாம்போ, டிஸ்டம்பர் என்ற பழைய மலிவு ரகப் பூச்சோதான். அதை முழுக்கச் சுரண்டாமல் மேலே எமல்ஷன் அடித்தால் தோல் தோலாக உரியும். சுரண்டும் கூலிக்காகத் தயங்காதீர்கள், செலவில் அதுதான் உருப்படியான பங்கு.

சரி, பெயின்ட்டுக்கு வருவோம். அறையின் உள்கூரைக்கு விலை குறைந்த, பளபளப்பில்லாத மேட் எமல்ஷனே போதும். ஹால், குழந்தைகள் அறை, சமையலறைக்குக் கழுவித் துடைக்கக்கூடிய ரகம் வாங்குங்கள். பளபளப்பு கூடக்கூடச் சுவரின் மேடு பள்ளமும் கூடவே தெரியும், அதிலும் சுவரை ஒட்டி எல்இடி வெளிச்சம் விழுந்தால் பட்டி பார்த்த ஒவ்வொரு இழுப்பும் தெரியும்.

உள்பக்கத்தில் மிஞ்சிய பெயின்ட்டை வெளியே அடிக்கவேண்டாம். வெளிப்பக்க எமல்ஷனில் பூஞ்சையைத் தடுக்கும் மருந்தும், வெயிலைத் தாங்கும் பசையும் நிறமியும் இருக்கும். வெளிப்பக்கத்துக்குப் பட்டி தேவைப்பட்டால் வெள்ளை சிமென்ட் பட்டிதான், உள்பக்கத்துக்கான அக்ரிலிக் பட்டி மழையைத் தாங்காது. மேற்குப் பார்த்த சுவருக்குப் பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள், ஊதா எல்லாம் எனக்குச் சம்மதமில்லை, சீக்கிரம் வெளுக்கும். காவி, மண் நிறம், சாம்பல் போன்றவை நாள்பட நிற்கும்.

குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் இதைக் கவனியுங்கள். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் எனாமல் அடித்த கதவு, ஜன்னல், கிரில்லை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் வரும் தூசியில் ஈயம் இருக்கலாம். தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள், முகக்கவசம் போடச் சொல்லுங்கள், வேலை முடியும்வரை பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

பல டப்பாக்களுக்குள் பெயின்டர்களுக்குக் கம்பெனி தரும் ஊக்கத்தொகை டோக்கன் இருக்கும் என்பது நிறைய பேருக்குத் தெரியாது. பெயின்டர் ஒரு ரகத்தை வற்புறுத்தினால் ஏன் என்று கேளுங்கள், நல்ல பெயின்டர் காரணம் சொல்வார். தண்ணீர் எவ்வளவு கலக்கவேண்டும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும், அளந்து கலக்கச் சொல்லுங்கள். மெட்டீரியலோடு சேர்த்துச் சதுர அடிக் கணக்கில் கான்ட்ராக்ட் கொடுத்திருந்தால், மிச்சமாகும் பெயின்ட் கான்ட்ராக்டருக்கு லாபம் என்பதால், இதை அவசியம் பக்கத்தில் நின்று பாருங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவே டப்பாவில் சொன்ன நேரம், பெரும்பாலும் நான்கு மணி நேரம், விடவேண்டும்.

நிறத்தை ஷேடு கார்டில் பார்த்து முடிவுசெய்யாமல் சின்ன டப்பா ஒன்று வாங்கி, இரண்டடிச் சதுரம் அடித்து, பகலிலும் ராத்திரி விளக்கிலும் பாருங்கள். டப்பா மேல் ஒட்டியிருக்கும் ஷேடு நம்பர் ஸ்டிக்கரை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு மூலையைத் திருத்த அரை லிட்டர் வாங்கப்போகும்போது கடைக்காரர் அதைத்தான் கேட்பார்.