சில்லு வேறு, சிப்பம் வேறு

கணினிச் சிப்பைத் தமிழில் "சிப்பம்" என்பவர்களை இந்த ஆண்டில் சந்திப்பது இது மூன்றாவது முறை. முதலில் ஒரு மேடைப் பேச்சில் கேட்டேன், பேச்சு வேகத்தில் வாய் தவறியிருக்கும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு காணொளியில். போன மாதம் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நடந்த கணினிப் பட்டறைக்கு உதவப் போனபோது அச்சிலேயே பார்த்துவிட்டேன். கையேட்டின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில், "கணினியின் மூளை அதன் சிப்பம்". ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி, "சார், சிப்பம்னா என்ன?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற ஏற்பாட்டாளர், "சிப்புதாம்மா, அதுக்குத் தமிழ்ல சிப்பம்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

இல்லை. சிப் என்பதற்குத் தமிழ் சிப்பம் இல்லை. சில்லு.

ஆங்கிலச் சொல்லின் கதை சின்னதுதான். மரத்தைக் கோடரியால் கொத்தும்போது தெறிக்கும் துண்டு, பீங்கான் தட்டின் விளிம்பில் பெயர்ந்த துண்டு, இவைதான் சிப். 1958 செப்டம்பரில் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் ஜாக் கில்பி, ஜெர்மானியம் என்ற தனிமத்தின் துண்டு ஒன்றில் முழு மின்சுற்றையும் அமைத்து இயக்கிக் காட்டினார். அடுத்த ஆண்டே ஃபேர்சைல்டு நிறுவனத்தில் ராபர்ட் நாய்ஸ் அதைச் சிலிக்கானில் செய்யும் வழியைக் கண்டார். வட்டமான சிலிக்கான் தகட்டில் ஒரே மாதிரிச் சுற்றுகளை வரிசை வரிசையாக உருவாக்கி, அப்புறம் தகட்டை அறுத்துத் துண்டு துண்டாக எடுப்பதுதான் இன்றைக்கும் முறை. 300 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு தகட்டில் நகத்தளவுத் துண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். தகட்டிலிருந்து வந்த துண்டு, ஆகவே சிப்.

தமிழில் இதே பொருளுக்கு, இதே எண்ணத்தோடு ஒரு சொல் ஏற்கனவே இருக்கிறது. சில் என்றால் சிறுமை, கொஞ்சம். சில, சிலர், சில்லறை எல்லாம் அந்தக் குடும்பம். உடைந்த பானையோட்டின் துண்டு ஓட்டாஞ்சில்லு. அதைத் தரையில் போட்டு நொண்டியடித்து ஆடுவது சில்லாட்டம். தேங்காயைக் கீறி எடுத்தால் தேங்காய்ச் சில்லு. கண்ணாடி விழுந்தால் சில்லு சில்லாக உடைகிறது. பெரிய ஒன்றிலிருந்து பிரிந்து வந்த சிறிய, தட்டையான துண்டு என்பதுதான் இத்தனைக்கும் பொது. சிலிக்கான் துண்டுக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை யாராலும் உட்கார்ந்து யோசித்து உருவாக்க முடியாது, பாட்டி சமையலறையில் சொன்ன சொல்லே அப்படியே வந்து உட்காருகிறது.

சரி, சிப்பம் என்றால் என்ன? கட்டு, மூட்டை. அரிசிச் சிப்பம், புகையிலைச் சிப்பம். என் அப்பா பினாங்குக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதியவர், "இன்னிக்கு நாப்பது சிப்பம் இறங்கிச்சு" என்று அவர் வீட்டில் வந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. பலவற்றைச் சேர்த்து, சுற்றி, கட்டி, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பத் தயாராக்கினால் அது சிப்பம். சில்லு பிரிவதால் உண்டாவது, சிப்பம் சேர்ப்பதால் உண்டாவது. ஒன்றுக்கொன்று நேர் எதிர். பின் ஏன் சிப்புக்குச் சிப்பம் என்கிறார்கள்? சிப், சிப்பம், ஒலி ஒத்துப்போகிறது என்பதைத் தவிர வேறு காரணமே கிடையாது.

ஒலி ஒத்துப்போவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. நாம் தினமும் குடிக்கும் தேநீரையே பாருங்கள். தே என்பது ஹொக்கியன் சீனர் சொல், மலாயில் தே, இங்கே எந்தக் கோப்பிக்கடையிலும் அதே உச்சரிப்புதான். அதோடு நீரைச் சேர்த்தோம், கேட்பவருக்குத் தேனும் நினைவுக்கு வருகிறது, சொல் நின்றுவிட்டது. ஏன் நின்றது? தமிழில் தே என்ற அந்தச் சிறிய சொல்லுக்கு அன்றாடப் பேச்சில் வேறு வேலை இல்லை, யாருடைய இடத்தையும் அது பிடுங்கவில்லை. சிப்பத்துக்கு வேலை இருக்கிறது. அதுவும் எங்கே என்றால், இதே சில்லுத் தொழிலுக்குள்ளேயே, சில்லுக்கு அடுத்த மேசையிலேயே இருக்கிறது. எனக்கு ஆற்றாமை வருவது இந்த இடத்தில்தான்.

கணினியையோ பழைய வானொலியையோ திறந்தால் பச்சைப் பலகையில் கறுப்புச் சதுரங்கள் தெரியும், ஓரங்களில் சின்னச் சின்ன உலோகக் கால்களோடு. நாம் பார்ப்பது சில்லு இல்லை. சில்லு உள்ளே இருக்கிறது, பல நேரம் ஓர் அரிசிமணி அளவுதான் இருக்கும். அதை ஓர் அடித்தளத்தில் ஒட்டி, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகளால் கால்களோடு இணைத்து, காற்றும் ஈரமும் படாமல் கறுப்புப் பிசினுக்குள் அடைத்திருக்கிறார்கள். இந்த முழுக் கட்டுக்கு ஆங்கிலத்தில் பேக்கேஜ் என்று பெயர், அந்த வேலைக்குப் பேக்கேஜிங். இதற்குத் தமிழ் என்ன என்று என்னைக் கேட்டால் தயங்காமல் சொல்வேன்: சிப்பம், சிப்பமிடல். அப்பா சொன்ன அதே சிப்பம், அதே பொருளில்.

இது பினாங்குக்காரர்களுக்கு வெறும் சொல் தகராறு இல்லை. 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலம் தொடங்கியபோது இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை இங்கேதான் வைத்தது. ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்டு, ஹிட்டாச்சி, போஷ் என்று அந்தத் தொடக்கக் காலத்தில் வந்த எட்டு நிறுவனங்களை "எட்டு சாமுராய்" என்றே இங்கே சொல்வார்கள். அவற்றில் இன்டெல், ஏஎம்டி போன்ற சில்லு நிறுவனங்கள் இங்கே செய்யத் தொடங்கியது சில்லு உருவாக்கும் வேலை இல்லை, சிப்பமிடலும் சோதனையும்தான். உலகத்தில் நடக்கும் அந்த வேலையில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. என் பெரியக்கா 1984இல், பினாங்குப் பாலம் திறப்பதற்கு ஓர் ஆண்டு முன்பு, பட்டர்வொர்த்திலிருந்து விடியுமுன் ஃபெரி ஏறி அக்கரை போய் ஆலைப் பேருந்தைப் பிடித்து வேலைக்குப் போனார். எட்டு மணி நேரம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, கம்பி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும் வேலை. தோட்டத்தை விட்டு வந்த எத்தனையோ தமிழ்ப் பெண்கள் அந்த நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்தவர்கள். அவர்கள் செய்தது சிப்பமிடல். அந்தப் பெயரைக் கொண்டுபோய்ச் சில்லுக்கு வைத்துவிட்டால் அவர்கள் வேலைக்குத் தமிழில் பெயரே இல்லாமல் போகிறது.

பெயரில்லாத இடத்தில் என்ன வரும் என்பதையும் கேட்டுவிட்டேன். 2024 மே மாதம் தேசிய குறைக்கடத்தி (செமிகண்டக்டர்) திட்டத்தைப் பிரதமர் அறிவித்தபோது, ஒரு தமிழ்ச் செய்தியில் "மேம்பட்ட பொட்டலமிடல் துறையில் மலேசியா கவனம் செலுத்தும்" என்று வாசித்தார்கள். அதே செய்தியில் 60,000 பொறியாளர்களை உருவாக்கப் போவதாகவும் சொன்னார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மா, "பொட்டலம் கட்ட எதுக்குடா அத்தனை எஞ்சினியரு?" என்றார். நியாயமான கேள்வி. பொட்டலம் என்றால் காகிதத்தில் கடலை மடிப்பதுதானே யாருக்கும் கண்ணில் வரும். மொழிபெயர்த்தவர் அகராதியில் பேக்கேஜிங் என்ற சொல்லைத் தேடினாரே தவிர, அந்த வேலை எப்படி நடக்கிறது என்று யாரையும் கேட்கவில்லை. பாயான் லெப்பாஸில் வேலை பார்த்த ஒருவர்கூடவா அவருக்குத் தெரியாமல் போனார்?

"ஆங்கிலத்திலேயே அந்தக் கறுப்புச் சதுரத்தைச் சிப் என்றுதானே சொல்கிறார்கள், நீங்கள் மட்டும் ஏன் பிரிக்கிறீர்கள்?" என்று பட்டறையில் அந்த ஏற்பாட்டாளரே என்னைக் கேட்டார். பேச்சில் சொல்கிறார்கள்தான். ஆனால் பிரித்துச் சொல்ல வேண்டிய நேரம் வந்தால் அவர்கள் கையில் இரண்டு சொல் இருக்கிறது. அந்த நேரம் இப்போது அடிக்கடி வருகிறது. 2019இல் ஏஎம்டி வெளியிட்ட ஒரு சர்வர் பிராசசரில் ஒரே கட்டுக்குள் ஒன்பது துண்டுகள் வரை இருந்தன. தமிழில் "ஒரே சிப்பத்துக்குள் ஒன்பது சில்லுகள்" என்று நான் ஒரே வரியில் எழுதிவிடுவேன். சிப்பைச் சிப்பம் என்பவர் என்ன எழுதுவார்? சிப்பத்துக்குள் ஒன்பது சிப்பம் என்றா?

மடிக்கணினி வாங்குபவர்கள் போடும் சண்டை ஒன்று இருக்கிறது, அதற்கும் இந்த வேறுபாடு தெரிய வேண்டும். 2020இல் ஆப்பிளின் எம்1 சில்லு வந்ததிலிருந்து "ரேம் சிப்புக்குள்ளேயே இருக்கிறது, அதனால்தான் வேகம், அதனால்தான் கூட்ட முடியாது" என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். ரேம், அதாவது வேலை நேரத்து நினைவகம், அந்தச் சில்லுக்குள் இல்லை. தனிச் சில்லுகளாக, ஒரே சிப்பத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. பின்னால் கூட்ட முடியாது என்பது உண்மை, ஆனால் காரணம் சிப்பத்தில் இருக்கிறது, சில்லில் இல்லை. கோலாலம்பூர் லோ யாட் கணினிக் கடை வளாகத்தில் ரேம் 8 ஜிபியா 16 ஜிபியா என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும் தம்பிக்கு இதைத் தமிழிலேயே இரண்டு வாக்கியத்தில் விளக்கிவிடலாம், இரண்டு சொல்லும் ஒழுங்காக அதனதன் இடத்தில் இருந்தால்.

இப்படி ஒரே சொல்லில் இரண்டு பக்கத்துப் பொருள்களை ஏற்றியதன் விளைவை ஏற்கனவே அனுபவித்துக்கொண்டுதான் இருக்கிறோம். செயலி என்று முதலில் பிராசசருக்குச் சொன்னோம். அப்புறம் கைப்பேசியில் போடும் ஆப்புக்கும் அதையே வைத்தோம். இன்றைக்கு "புதிய செயலியுடன் வெளிவரும் திறன்பேசி" என்று விளம்பரம் வந்தால், உள்ளே இருக்கும் சில்லு புதிதா, கூடக் கொடுக்கும் ஆப் புதிதா என்று யாருக்குத் தெரியும்? ஆப்பைக் குறுஞ்செயலி என்று சிலர் எழுதுகிறார்கள். நானும் அப்படித்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்தான், ஆனாலும் குழப்பம் இல்லை. இங்கே ஒரு முறை சறுக்கியவர்கள் சிப்பத்திலும் சறுக்க வேண்டுமா?

சில்லுக்கு எதிராகச் சொல்லப்படுவதில் ஒன்றை மட்டும் மதிக்கிறேன். யாழ்ப்பாணத் தமிழில் சில்லு என்றால் சக்கரம். எங்கள் தெருவில் இருந்த யாழ்ப்பாணத்து ஆச்சி "சைக்கிள் சில்லு காத்துப் போயிட்டுது" என்பார். அவர்களுக்குக் கணினிச் சில்லு என்றால் முதலில் விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால் கால் என்று உடம்பிலும் சொல்கிறோம், நாற்காலியிலும் சொல்கிறோம், கணக்கில் கால் பங்கும் சொல்கிறோம், யாரும் தடுமாறியதில்லை. சைக்கிளும் கணினியும் ஒரே வாக்கியத்தில் மோதிக்கொள்வது அபூர்வம். சில்லும் சிப்பமும் ஒரே ஆலையில், ஒரே மேசையில், ஒரே வாக்கியத்தில் வருகின்றன.

பேச்சில் சிப் என்றே சொல்லுங்கள், நானும் சொல்கிறேன், அக்காவும் அப்படித்தான் சொல்கிறார். எழுதும்போது, அதுவும் பிள்ளைகளுக்கு எழுதும்போது, தமிழ்ச் சொல் வேண்டும் என்று முடிவு செய்தால் சரியான சொல்லைப் போடுங்கள். கையேட்டை அச்சிட்டவர்களுக்கு எழுதியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு மட்டும் அன்றைக்கே, கெட்டுப்போன ஒரு நினைவகப் பலகையைக் காட்டி, ஏற்கனவே பிளந்திருந்த ஒரு கறுப்புச் சதுரத்தின் ஓரத்தில் மினுங்கிய சாம்பல் துணுக்கைப் பேனா முனையால் தொட்டு, "இது சில்லு, சுத்தி இருக்கிற இந்தக் கறுப்பு சிப்பம்" என்றேன். அவள் கையேட்டில் சிப்பத்தை அடித்துவிட்டு மேலே சில்லு என்று எழுதிக்கொண்டாள்.